பெங்களூருக்கு வந்திருக்கும் கத்தோலிக்கருக்கு: முதலில் ஒரு பங்கில் பெயர் கொடுங்கள்

ஊரில் இருந்தவரை நாம் யாரும் பங்கை, அதாவது நம் பகுதிக்கு உரிய கோவில் சமூகத்தை, தேடிப் போனதில்லை. பிறந்த சில வாரங்களில் ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் ஏறிவிடும். கோவில் வேலைகளைப் பார்க்கும் கோவில்பிள்ளைக்கு நம் தாத்தாவைத் தெரியும். இரண்டு ஞாயிறு பூசைக்கு வரவில்லை என்றால் மறைக்கல்வி சொல்லித் தரும் உபதேசியார் வாசலில் வந்து நின்று, "வீட்ல யாருக்கும் உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார். பெங்களூரில் அப்படி யாரும் வரமாட்டார்கள். அக்கறை இல்லாமல் இல்லை. நீங்கள் வந்திருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

நான் திண்டுக்கல் பக்கத்திலிருந்து 2011ல் இங்கே வந்தேன். முதல் இரண்டு வருடம் ஒரு வாரம் சிவாஜிநகர், ஒரு வாரம் விவேக்நகர், மழை பெய்தால் பக்கத்தில் எது இருக்கிறதோ அது என்று பூசைக்குப் போய்வந்தேன். ஒரு ஞாயிறும் தவறவில்லை. ஆனால் மகள் பிறந்து அவளுடைய ஞானஸ்நானத்துக்காக ஒரு பங்கு அலுவலகத்தில் போய் நின்றபோது, "நீங்க எந்தப் பங்கும்மா?" என்று கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். அந்தக் கேள்விக்கு உங்களிடம் முதல் மாதத்திலேயே பதில் இருக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஊரிலிருந்து என்ன எடுத்து வருவது

ஞானஸ்நானச் சான்றிதழ், உறுதிப்பூசுதல் (ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்தும் சடங்கு) சான்றிதழ், திருமணமானவர் என்றால் கோவில் திருமணச் சான்றிதழ், அப்புறம் ஊர்ப் பங்குத்தந்தையிடமிருந்து ஒரு கடிதம். "இந்தக் குடும்பம் எங்கள் பங்கைச் சேர்ந்தது, பெங்களூரில் குடியேறுகிறது" என்று இரண்டு வரி, கையெழுத்து, பங்கு முத்திரை. இவ்வளவுதான். கிளம்புகிற அவசரத்தில் விட்டுவிட்டீர்கள் என்றால் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.

பெயரை மட்டும் நின்று நிதானமாகப் பாருங்கள். நம் பக்கத்தில் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிக்கூடப் பெயர் ஒன்று என்று இருப்பது சாதாரணம். பதிவேட்டில் 'சவேரியம்மாள்', ஆதாரில் 'செல்வி'. ஊரில் இரண்டும் ஒரே ஆள் என்று எல்லாருக்கும் தெரியும். இங்கே யாருக்கும் தெரியாது. பதிவேட்டைத் திறந்து பார்க்கிற வாய்ப்பு ஊர்ப் பங்கில்தான் இருக்கிறது. அதனால் அங்கே இருக்கும்போதே, இரண்டு பெயரும் ஒருவருடையதுதான் என்று அந்தக் கடிதத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஞானஸ்நானப் பதிவேடு நீங்கள் எங்கே குடிபோனாலும் கூடவே வராது. ஞானஸ்நானம் வாங்கிய கோவிலிலேயே ஆயுள் முழுக்க இருக்கும். பிற்பாடு வாங்கும் உறுதிப்பூசுதலும் திருமணமும் அதே பதிவின் ஓரத்தில் குறிக்கப்படும். ஆகவே எந்த ஊர், எந்தக் கோவில், எந்தத் தேதி என்பதைப் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.

உங்கள் பங்கு எது

பிடித்த கோவிலெல்லாம் நம் பங்கு ஆகிவிடாது. திருச்சபைச் சட்டப்படி பங்கு என்பது ஓர் எல்லைக்குள் வாழ்கிறவர்களின் கூட்டம். நீங்கள் வாடகைக்கு இருக்கும் தெரு எந்தப் பங்கின் எல்லைக்குள் வருகிறதோ அதுவே உங்கள் பங்கு. மூன்று மாதமாவது இருக்கும் எண்ணத்தோடு வந்து தங்கினால் போதும், அந்தப் பங்குத்தந்தை உங்களுக்கும் பங்குத்தந்தைதான். பி.ஜி.யில் கட்டில் வாடகைக்கு இருக்கும் பையனுக்கும் இது பொருந்தும். 'சொந்த வீடு வாங்கின பிறகு பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடாதீர்கள்.

வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கத்தோலிக்கக் கோவிலுக்குப் போய், தெருப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அவர்களுடைய எல்லை இல்லையென்றால் எந்தப் பங்கு என்று அவர்களே சொல்வார்கள். ஒரு எச்சரிக்கை: இந்த நகரத்தில் சர்ச் என்று பார்த்ததும் உள்ளே போய்விடாதீர்கள். எம்.ஜி. ரோடு பக்கம் இருக்கும் செயின்ட் மார்க்ஸ் கதீட்ரல் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையாருடையது, கத்தோலிக்கக் கோவில் அல்ல. நம் பேராயரின் கதீட்ரல் கோல்ஸ் பார்க் பக்கத்தில் உள்ள புனித பிரான்சிஸ் சவேரியார் கோவில். பிரிகேட் ரோடு பக்கத்துச் செயின்ட் பேட்ரிக்ஸ் நம்முடையது. பெயர்ப்பலகையில் 'பெங்களூர் உயர்மறைமாவட்டம்' என்று எந்த மொழியில் இருந்தாலும் அது நம் கோவில். சந்தேகமாக இருந்தால் வாட்ச்மேனிடம் "ஆர்.சி.யா?" (ரோமன் கத்தோலிக்கமா) என்று கேளுங்கள், புரிந்துகொள்வார்.

ஞாயிறு பூசை முடிந்த கையோடு அலுவலகத்தில் கூட்டம் நெரியும். வார நாளில் ஒரு மாலை போனால் உட்கார்ந்து பேசலாம். வீட்டு முகவரிக்கு ஒரு ஆதாரம், எல்லாருடைய சான்றிதழ் நகல், ஊர்க் கடிதம் கொண்டுபோங்கள். குடும்ப அட்டை போட்டுத் தருவார்கள். மாதச் சந்தா எவ்வளவு என்று கேட்டால் கூச்சப்பட வேண்டாம். கொடுக்க முடிந்ததைச் சொல்லுங்கள். முடியாத மாதம் முடியாது என்று சொல்லுங்கள். வறுமையின் காரணமாக யாருக்கும் ஞானஸ்நானம், திருமணம் போன்ற அருள்சாதனம் மறுக்கப்படக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம். காணிக்கை வேறு, கட்டணம் வேறு.

அன்றைக்கே இன்னொரு கேள்வியும் கேட்டுவிடுங்கள்: "எங்க தெருவுக்கு அன்பியம் எது, யாரைப் பார்க்கணும்?" என் அனுபவத்தில் பெங்களூரில் பங்கு என்பது கையில் பிடிபடுவது அன்பியத்தில்தான். பத்துப் பதினைந்து வீடு, மாதம் ஒரு கூட்டம், ஒரு நற்செய்திப் பகுதி, ஜெபமாலை, கடைசியில் காபியும் மிக்ஸரும். யார் வீட்டில் வேலை போனது, யாருக்கு ஆபரேஷன் என்பதெல்லாம் அந்த மிக்ஸர் தட்டைச் சுற்றித்தான் தெரியவரும்.

தனியாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. வந்த புதிதில் உங்களிடம் முதலில் அன்பாகப் பேசுகிறவர் வேறு சபைக்காரராக இருக்கலாம். ஜெபத்துக்குக் கூப்பிடுவார். அவருடைய அன்பை மதியுங்கள். ஆனால் மறுபடி தண்ணீரில் முழுக்கு எடுக்கச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஞானஸ்நானம் ஒரு முறைதான். குழந்தையில் வாங்கியது முழுமையானது.

தமிழ்ப் பூசை, கன்னடப் பூசை

சிவாஜிநகர் ஆரோக்கிய அன்னை பேராலயம், விவேக்நகர் குழந்தை இயேசு ஆலயம் இரண்டிலும் தமிழ்ப் பூசை உண்டு. தமிழர் அதிகம் வாழும் வேறு பல பங்குகளிலும் உண்டு. நேரம் மாறிக்கொண்டே இருக்கும், கோவில் பலகையைப் பாருங்கள்.

உங்கள் பங்கில் தமிழ்ப் பூசை இல்லாமல் போகலாம். மாதத்தில் ஒன்றிரண்டு ஞாயிறு தமிழுக்காக வேறு கோவிலுக்குப் போங்கள், தப்பே இல்லை. மற்ற ஞாயிறுகளில் பங்கிலேயே கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ பாருங்கள். பூசை எந்த மொழியில் நடந்தாலும் அதன் வரிசை ஒன்றுதான். வாசகம், நற்செய்தி, விசுவாசப் பிரமாணம், காணிக்கை, எழுந்தேற்றம் என்று எந்த இடத்தில் நிற்பது, எந்த இடத்தில் முழந்தாள் போடுவது என்பதெல்லாம் உடம்புக்கே தெரியும். அன்றைய வாசகங்களைத் தமிழில் வீட்டிலேயே படித்துவிட்டுப் போனால் கன்னடப் பிரசங்கம்கூடப் பாதிக்கு மேல் பிடிபடும். அவர்கள் பூசையை 'பலிபூஜெ' என்கிறார்கள். நாம் திருப்பலி என்கிறோம். பரலோக மந்திரத்தில் 'தந்தெ' என்று வருகிறது. எனக்கு அந்தச் சொல்லைக் கேட்ட நாளில்தான் அந்நியம் விலகியது.

இந்த நகரத்தின் கோவில்களில் தமிழா கன்னடமா என்ற பேச்சு பழையது, சில இடங்களில் காயமாகவும் இருந்திருக்கிறது. புதிதாக வந்த நாம் அதில் எண்ணெய் ஊற்ற வேண்டாம். கன்னடத்தில் நான்கு வாக்கியம் பேசக் கற்றுக்கொள்ளுங்கள். நமக்கு இடம் கொடுத்த மண்ணின் மொழி. தமிழ்ப் பூசை வேண்டும் என்றால் அன்பியத்தின் வழியாக, பங்குப் பேரவையின் வழியாக மரியாதையாகக் கேளுங்கள்.

பக்கத்தில் மலையாளிகளின் சீரோ மலபார் கோவில்தான் இருக்கிறது என்றால் அங்கேயும் போகலாம். அவர்களும் திருத்தந்தையோடு ஒன்றித்த கத்தோலிக்கர்களே. வழிபாட்டு முறைதான் வேறு. எந்தக் கத்தோலிக்க வழிபாட்டு முறையில் பூசை கண்டாலும் ஞாயிறு பூசை காணும் கடன் நிறைவேறும்.

ஞாயிறும் ஷிப்டும் பி.ஜி. சாப்பாடும்

ஞாயிறு பூசையைச் சனிக்கிழமை மாலையிலேயே காணலாம். சட்டம் அதை ஏற்றுக்கொள்கிறது. இரவு ஷிப்டு முடித்து ஞாயிறு காலை எட்டு மணிக்கு வந்து விழுகிறவர்களுக்கு இதுதான் வழி. ஞாயிறு மாலைப் பூசையும் பல கோவில்களில் உண்டு. இரண்டு நாளும் வேலையே சுற்றி வளைக்கிறது என்றால் பங்குத்தந்தையிடம் போய்ச் சொல்லுங்கள். தகுந்த காரணம் இருந்தால் கடனிலிருந்து விலக்கு தரவோ, வேறு ஒரு பக்திச் செயலாக மாற்றித் தரவோ அவருக்கு அதிகாரம் உண்டு. மனசுக்குள் குற்றவுணர்வோடு மாதக்கணக்கில் இழுப்பதைவிட அது நல்லது. மாதா டிவியில் பூசை பார்ப்பது நோயாளிக்கும் முதியவருக்கும் ஆறுதல். நடமாடும் உடம்பு உள்ளவருக்கு அது பூசைக்குப் போனதற்கு ஈடாகாது.

நற்கருணை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு சாப்பாட்டை நிறுத்தினால் போதும். தண்ணீரும் மருந்தும் குடிக்கலாம். பாட்டி சொன்ன 'நடுராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர் கூடாது' என்பது பழைய சட்டம்.

தவக்காலம் வந்தால் பி.ஜி.யில் சிக்கல். பல இடங்களில் வெள்ளிக்கிழமைதான் சிக்கன் போடுகிறார்கள். சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தியும் சுத்தபோசனமும் கட்டாயம். ஒருசந்தி 18 வயது நிறைந்தவரிலிருந்து 59 வயது நிறையும்வரை: ஒரு வேளை முழுச் சாப்பாடு, மற்ற இரண்டு வேளை கொஞ்சமாக. சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவரிலிருந்து: இறைச்சி இல்லை. முட்டை, பால், மீன் தடையில்லை. அதனால் பி.ஜி. அக்காவிடம் முந்தின நாளே "நாளைக்கு எனக்கு முட்டைக் குழம்பு போதும்க்கா" என்று சொல்லிவிடுங்கள். நான் பார்த்தவரை யாரும் மறுத்ததில்லை. மறந்துபோய்ச் சாப்பிட்டுவிட்டால் அதற்காக நடுங்க வேண்டாம். தெரியாமல் நடந்தது பாவமாகாது. நோயாளி, கர்ப்பிணி, பால் கொடுக்கிற தாய் இவர்கள் உடம்பைக் கெடுத்துக்கொண்டு ஒருசந்தி இருக்க வேண்டியதில்லை.

ஆபீசில் ஆயுத பூஜை

புதிதாக வந்தவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். தசரா நேரத்தில் பெங்களூரின் பட்டறை, ஆட்டோ, கம்ப்யூட்டர் எதுவும் பூஜை இல்லாமல் தப்பாது. டீம் முழுக்க நிற்கும், பூசணிக்காய் உடைப்பார்கள், பொரியும் கடலையும் பொட்டலம் வரும். நிற்பதா, ஒதுங்குவதா?

புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் எட்டாம் அதிகாரத்தை ஒரு முறை முழுதாகப் படியுங்கள். சிலைகளுக்குப் படைத்த உணவைப் பற்றித்தான் பேச்சு. உணவு நம்மைக் கடவுளிடம் சேர்ப்பதும் இல்லை, பிரிப்பதும் இல்லை என்கிறார். ஆனால் நம் செய்கையைப் பார்த்து மனவலிமை இல்லாத ஒரு சகோதரர் தடுமாறுவார் என்றால் அதை விட்டுவிடச் சொல்கிறார். அப்புறம் 1965 அக்டோபர் 28ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற சமயங்களைப் பற்றி வெளியிட்ட ஏட்டில், அவற்றில் உண்மையும் தூய்மையுமாக இருக்கும் எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று சொல்லியிருக்கிறது.

நான் கடைப்பிடிப்பது இது. கூட நிற்கிறேன், வாழ்த்துச் சொல்கிறேன், அலங்காரத்துக்கு மாவிலை கட்டித் தருகிறேன், காசு பிரித்தால் கொடுக்கிறேன். ஆரத்தி எடுப்பதில்லை, கும்பிடுவதில்லை, பொட்டலத்தைச் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்கிறேன். ஆராதனை ஒரே கடவுளுக்கு, மரியாதை எல்லாருக்கும். இந்த வித்தியாசத்தை எங்கள் டீமில் இருந்த ஐயங்கார் அம்மா என்னைவிடத் தெளிவாகப் புரிந்துகொண்டார். முதல் வருடமே "நீ விளக்கு ஏத்த வேண்டாம்மா, பூ மட்டும் தொடுத்துக் கொடு" என்றார். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக் குடிலைப் பார்க்க அவர்தான் முதலில் வருவார்.

பாவசங்கீர்த்தனம் தமிழில்

பாவங்களைக் குருவிடம் அறிக்கையிடும்போது மனசில் இருப்பதை வேற்று மொழியில் சொல்ல வராது. இங்கே துறவுச் சபைகளின் மடங்களும் குருமடங்களும் ஏராளம், தமிழ் தெரிந்த குரு கிடைப்பது கஷ்டமே இல்லை. பங்குத்தந்தையிடமே "தமிழில் பாவசங்கீர்த்தனம் கேட்க யார் இருக்கிறார்கள் ஃபாதர்?" என்று கேளுங்கள். அவருக்கு அதில் மனவருத்தம் வராது. சாவான பாவங்களை, அதாவது கனமான பாவங்களை, வருடத்துக்கு ஒரு முறையாவது அறிக்கையிட வேண்டும் என்பது குறைந்தபட்சம். பெரிய வியாழனுக்கு முந்தின நாள் நீண்ட வரிசையில் நிற்பதைவிட தவக்காலத்தின் முதல் வாரத்திலேயே போய்விடுங்கள், குருவுக்கும் உங்களோடு பேச நேரம் இருக்கும்.

பிள்ளைகள்

ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போடாதீர்கள். பிறந்த சில வாரங்களுக்குள் கொடுக்கச் சொல்கிறது திருச்சபை. பெற்றோரின் பங்கில் கொடுப்பதே முறை. பாட்டி ஊரில்தான் கொடுக்க வேண்டும் என்று நின்றால் இங்குள்ள பங்குத்தந்தையிடம் கடிதம் வாங்கிப் போங்கள். ஞானத்தாய் அல்லது ஞானத்தந்தை ஒருவர் போதும். இருவர் என்றால் ஒரு ஆண், ஒரு பெண். 16 வயது நிறைந்து, உறுதிப்பூசுதல் வாங்கிய கத்தோலிக்கராக இருக்க வேண்டும். சி.எஸ்.ஐ.யில் இருக்கும் சித்தப்பா மனசு வருத்தப்படுகிறாரா? ஒரு கத்தோலிக்க ஞானப்பெற்றோர் இருந்தால் அவர் கூடவே சாட்சியாக நிற்கலாம்.

குறைமாதக் குழந்தை இன்குபேட்டரில் உயிருக்குப் போராடுகிறது, குரு வருவதற்குள் என்ன ஆகுமோ என்ற நிலை வந்தால், ஞானஸ்நானத்தை நீங்களே கொடுக்கலாம். நர்சும் கொடுக்கலாம். குழந்தையின் பெயரைச் சொல்லி, தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே, தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயரால் திருமுழுக்கு அளிப்பதாகச் சொன்னால் அது முழுமையான ஞானஸ்நானம். பிறகு பங்கில் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

மறைக்கல்வி எந்த மொழியில் என்ற சண்டை எங்கள் வீட்டிலும் நடந்தது. என் முடிவு: பிள்ளை எந்த மொழியில் சரளமாகப் படிக்கிறதோ அந்த மொழி வகுப்பில் சேருங்கள். மகள் ஆங்கிலத்தில் படித்தாள். அதனால் புதுநன்மை (முதல் முறை நற்கருணை வாங்குவது) வகுப்பில் கேள்வி கேட்கத் தயங்கவில்லை. வீட்டு ஜெபம் மட்டும் தமிழில். அதிலும் ஒரு சங்கதி உண்டு. நாங்கள் "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று தொடங்குவோம். ஊரிலிருந்து வரும் மாமியார் "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்றுதான் தொடங்குவார். மகள் முதலில் விழித்தாள். இப்போது மாமியார் வந்தால் பழைய மந்திரம், போனால் புதிய மந்திரம், ஜெபமாலையின் மணிகளை உருட்டிக்கொண்டே மாற்றிச் சொல்கிறாள். இந்த இரண்டும் அவளுக்குத் தெரிந்திருப்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பள்ளிச் சேர்க்கைக்குக் கத்தோலிக்கப் பள்ளிகளில் பங்குத்தந்தையின் கடிதம் கேட்பதுண்டு. சேர்க்கைக்கு ஒரு மாதம் முன்பு முதல் தடவையாக முகம் காட்டி அந்தக் கடிதத்தைக் கேட்டால் அவர் எப்படித் தருவார்?

கல்யாணம்

இங்கே சம்பந்தம் முடிவானால் ஆறு மாதம் முன்பே பங்கு அலுவலகம் போங்கள். புதிதாக எடுத்த ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பார்கள், பழையது செல்லாது. பதிவேட்டின் ஓரத்தில் ஏற்கெனவே திருமணக் குறிப்பு ஏதும் இல்லை என்பதைத்தான் அதில் பார்க்கிறார்கள். திருமணத் தயாரிப்பு வகுப்புச் சான்றிதழ் வேண்டும். மணமக்கள் இருவருடைய பங்குகளிலும் மூன்று ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்க வேண்டும். ஊரில் கல்யாணம் என்றாலும் நீங்கள் இப்போது வாழும் பங்கிலிருந்து, தடையில்லை என்று கடிதம் கேட்பார்கள். வெளிநாட்டில் வேலை பார்த்தவர் என்றால் அங்கிருந்த காலத்துக்கும் கேட்கலாம்.

நம் வழக்கத்தில் வருகிற ஒரு விஷயத்தை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். மாமன் மகள், அத்தை மகன் திருமணம் திருச்சபைச் சட்டத்தில் இரத்த உறவுத் தடைக்குள் வருகிறது. பேராயரின் விலக்கு இல்லாமல் அந்தத் திருமணம் செல்லாது. விலக்குக்கு மனு போட நேரம் வேண்டும். பத்திரிகை அடித்து மண்டபத்துக்கு முன்பணம் கட்டிய பிறகு 'சொந்தம்தான் ஃபாதர்' என்று சொன்னால் எல்லாருக்கும் தவிப்பு. ஞானஸ்நானம் பெறாதவரை மணப்பதற்கும் விலக்கு வேண்டும், வேறு கிறிஸ்தவ சபையினரை மணப்பதற்கு அனுமதி வேண்டும். இவை கிடைக்காதவை அல்ல. மறைக்காமல் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

நோவேனாவும் திருவிழாவும்

நோவேனா என்னும் தொடர் ஜெபம் விவேக்நகரில் வியாழன் குழந்தை இயேசுவுக்கு, ஓசூர் ரோட்டில் பிரான்சிஸ்கன் சபையாரின் கோவிலில் செவ்வாய் புனித அந்தோனியாருக்கு. சிவாஜிநகர் மாதா கோவில் திருவிழாவுக்கு ஆகஸ்ட் 29ல் கொடியேற்றம், செப்டம்பர் 8ல் தேர். பிளாக்பள்ளி என்று அந்த இடத்துக்குப் பெயர் இருந்த காலத்திலிருந்து தமிழர்கள் வந்து நிற்கிற கோவில். இப்போதுள்ள கட்டடம் 1882ல் முடிந்தது, 1974ல் பேராலயமானது. சேலை கட்டிய மாதாவைப் பார்க்கும்போது வேளாங்கண்ணிக்குப் போக முடியாத வருடத்தின் ஏக்கம் பாதி தீரும். அன்று ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. எம்.ஜி. ரோடு மெட்ரோவில் இறங்கி ஆட்டோவிலோ நடந்தோ போங்கள். நகையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், பிள்ளையின் சட்டைப் பையில் உங்கள் போன் நம்பரை எழுதி வையுங்கள்.

நோயும் சாவும்

இதை வாசிக்கிறவர் பெரும்பாலும் இளவயதுக்காரராக இருப்பீர்கள், தள்ளிவிட்டுப் போகத் தோன்றும். தயவுசெய்து வாசியுங்கள்.

குரு நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில் பூசுதலை நம் வீடுகளில் இன்னும் அவஸ்தை பூசுதல் என்றே சொல்வதால், குருவைக் கூப்பிட்டால் ஆள் போய்விடுவார் என்று பயப்படுகிறார்கள். அது சாகிறவருக்கு மட்டும் உரியதல்ல. கடும் நோயில், பெரிய ஆபரேஷனுக்கு முன், தள்ளாத முதுமையில் வாங்கலாம், நோய் கூடினால் திரும்பவும் வாங்கலாம். நினைவு இல்லாதவருக்கும் தரலாம். இறந்த பிறகுதான் தர முடியாது. அதனால் ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே சொல்லுங்கள்.

மாமியாருக்கு மூச்சுத்திணறல் வந்து ஐ.சி.யூ.வில் சேர்த்த இரவு மணி பதினொன்று. யாரைக் கூப்பிடுவது என்று என் கணவர் போனைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் அன்பியச் செயலாளர் அக்காவுக்கு அடித்தேன். நாற்பது நிமிடத்தில் எங்கள் உதவிப் பங்குத்தந்தை ஸ்கூட்டரில் வந்துவிட்டார், மங்களூர்க்காரர். செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. விசிட்டர் நேரம் முடிந்துவிட்டது என்றார். உள்ளேயிருந்து வந்த மலையாளி நர்ஸ் ஃபாதரின் கையில் இருந்த சின்ன எண்ணெய்ச் சிமிழைப் பார்த்ததும் ஒரு வார்த்தையும் பேசாமல் கதவைத் திறந்தார். ஃபாதருக்குத் தமிழ் அரைகுறை. மாமியாரின் நெற்றியிலும் இரண்டு உள்ளங்கையிலும் எண்ணெய் பூசிவிட்டு, போனைப் பார்த்து எழுத்துக்கூட்டி "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்று தொடங்கினார். மாஸ்க்குக்கு உள்ளே மாமியாரின் உதடு அசைந்தது. பழைய மந்திரம்தான், "பரமண்டலங்களிலே" என்று அசைந்திருக்கும். பத்து நாளில் வீட்டுக்கு வந்துவிட்டார்.

அந்த இரவுக்குப் பிறகு எங்கள் பிரிஜ்ஜின் மேல் மூன்று நம்பர் ஒட்டியிருக்கிறேன்: பங்கு அலுவலகம், பங்குத்தந்தையின் கைபேசி, அன்பியச் செயலாளர். நீங்களும் இன்றைக்கே ஒட்டிவையுங்கள். பி.ஜி.யில் இருப்பவர் ரூம்மேட்டிடம் சொல்லி வையுங்கள்: "எனக்கு ஏதாவது ஆனால் இந்த நம்பருக்குச் சொல்லு."

சாவு நேர்ந்தாலும் முதல் போன் பங்குக்குத்தான். கல்பள்ளி, ஓசூர் ரோடு போன்ற கல்லறைகளில் இடம் நெருக்கடி. பங்கில் பதிவு உள்ள குடும்பம் என்றால் கல்லறை ஏற்பாடு, பூசை நேரம், ஆள் உதவி எல்லாவற்றையும் பங்கே கையில் எடுத்துக்கொள்ளும். பதிவு இல்லாத வீட்டில், அழுது கொண்டிருப்பவரே சான்றிதழ் தேட வேண்டியிருக்கும். உடலை ஊருக்குக் கொண்டு போவதானால் ஊர்ப் பங்குத்தந்தைக்கு இங்குள்ள குருவையே பேசச் சொல்லுங்கள். தகனம் செய்வதைத் திருச்சபை 1963லிருந்து அனுமதிக்கிறது, புதைப்பதையே விரும்புகிறது. தகனம் என்றால் சாம்பலை ஆற்றில் கரைப்பதோ வீட்டில் வைப்பதோ கூடாது, கல்லறையில் வைக்க வேண்டும் என்று 2016ல் வத்திக்கான் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு ஊருக்குப் போக முடியாவிட்டால் பக்கத்துக் கல்லறைக்குப் போங்கள். மெழுகுவர்த்தியும் பூவும் வாசலிலேயே விற்பார்கள். நம்முடையவர் யாரும் அங்கே இல்லை என்றால் யாரும் வந்து பார்க்காத ஒரு கல்லறையைத் தேடி, புல்லை ஒதுக்கிவிட்டு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுங்கள். குரு மந்திரித்துக்கொண்டே வரும்போது தீர்த்தம் அந்தக் கல்லறையின் மேலும் விழும்.